நிறம் தின்னும் எக்ஸ்றே

பாலாம்பிகையும் அவளுடைய தங்கை தாட்சாயினியும் முப்பத்தொரு வருடமாகப் பேச்சில்லை. கனடாவில், மொன்றியல் நகரத்தில், அக்கா பியர்பொன்ட்ஸில், தங்கை ரொக்ஸ்பரோவில். இரண்டு வீட்டுக்கும் நடுவே காரில் பத்து நிமிடம். இருவருக்கும் ஒரே கோயில், ஒரே பல் வைத்தியர், ஒரே தமிழ்க் கடை. கடையில் ஒருத்தி கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தால் மற்றவள் மீன் பக்கம் போய்விடுவாள்.

இதற்கு நான் 1994இல் அவிழ்த்துவிட்ட ஒரு புளுகுதான் காரணம் என்று இப்போது சனம் சொல்லித் திரிகிறது. முழுப் பழியையும் நான் ஏற்கமாட்டேன். கால் பங்கு என்னுடையது. மிச்சம் முக்கால் பங்கு, 1953இல் வர்ணத் தொலைக்காட்சிக்கு விதி வகுத்த அமெரிக்கர்களையும், அதைவிட நல்ல விதி தங்களிடம் இருக்கிறது என்று பின்னால் கிளம்பிய ஜெர்மன்காரர்களையும் சேரும்.

நான் செபஸ்தியாம்பிள்ளை. வயது எழுபத்திரண்டு. சென்ட் லோரன்டில் ஒரு ரீவி திருத்தும் கடையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மொன்றியல் தமிழர் வீடுகளில் பத்தாயிரம் பெட்டிகளாவது திருத்தியிருப்பேன். என் மனைவி ஜென்சி அறுநூறுக்கு மேல் இராது என்கிறாள். அவளுக்கு எண்ணுவதில் பொறுமை கிடையாது.

விஷயம் வெளியே வந்தது போன ஜூன் மாதத்தில். எங்கள் முதியோர் சங்கம் மாதம் ஒரு சனிக்கிழமை பியர்பொன்ட்ஸ் நூலக மண்டபத்தில் கூடும். ஒருவர் தமக்குத் தெரிந்த துறையைப் பற்றிப் பேச வேண்டும். மே மாதம் ஒரு டொக்டர் முழங்காலைப் பற்றிப் பேசி எல்லோரையும் பயப்படுத்திவிட்டுப் போயிருந்தார். ஜூனுக்கு நான். தலைப்பு, வர்ணத் தொலைக்காட்சி பிறந்த கதை.

லண்டனில் தொடங்கினேன். 1928இல் பெயார்ட் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் துளை போட்ட வட்டத் தட்டு ஒன்றைச் சுழற்றி, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வடிகட்டிகள் வழியாக நிறப்படம் காட்டினார். காட்டிய பொருட்களில் ஒரு கூடை ஸ்ட்ராபெரியும் பொலிஸ்காரர் தொப்பியும் இருந்தன. படம் ஒரு தபால் முத்திரை அளவு. அதைப் பார்க்க லண்டனே திரண்டது என்று சொல்லி வைத்தேன்.

பிறகு அமெரிக்கா. 1951இல் அங்கே சுழலும் தட்டை வைத்தே நிற ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டார்கள். படம் அருமை. ஆனால் பன்னிரண்டு அங்குலப் படத்துக்கு இரண்டு அடிக்கு மேற்பட்ட தட்டு ஒன்று பெட்டிக்குள் சுழல வேண்டும். இந்தக் காலத்துப் பெரிய திரைக்கு அதே வழியில் போயிருந்தால் மொன்றியல் மலையைக் குடைந்து தட்டை உள்ளே வைத்திருக்க வேண்டும் என்றேன். முன்வரிசையில் இருந்த சண்முகவேல் கையை உயர்த்தினார். சென்னைக்காரர், ஓய்வுபெற்ற பொறியியல் பேராசிரியர், நான் எங்கே பேசினாலும் என்னைத் திருத்துவதற்கென்றே முன்வரிசைக்கு வருபவர். ஐம்பது அங்குலத் திரைக்கு ஒன்பது அடித் தட்டு போதும், மலை வேண்டாம் என்றார்.

தட்டைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. அப்போதே அமெரிக்க வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் கோடிக்கணக்கை எட்டிவிட்டன. இந்தப் புது ஒளிபரப்பு அவற்றில் படமாகவே தெரியாது. நிறத்தைக் காட்டக்கூடிய பெட்டிகளோ நாடு முழுவதும் தேடினாலும் ஒரு கலியாண வீட்டுச் சனத்துக்குக் காணாது. நாலே மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு 1953இல் வந்த சமரசம்தான் உண்மையான கெட்டித்தனம். கறுப்பு வெள்ளைப் படம் முன்பு போலவே போகும். நிறம் அதற்குள் ஒளித்து வைத்த கடிதம் போலக் கூடவே போகும். புதுப் பெட்டி கடிதத்தைப் பிரித்து வாசித்து நிறம் காட்டும். பழைய பெட்டிக்கு அப்படி ஒரு கடிதம் இருப்பதே தெரியாது. அது கறுப்பு வெள்ளையைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

ஒரு குறை. கடிதம் வருகிற வழியில் எழுத்துக் கலங்கும். ஒரே மனிதனின் முகம் ஒரு நிலையத்தில் பச்சை, மற்ற நிலையத்தில் ஊதா. இதற்கென்றே பெட்டியில் ஒரு திருகி வைத்தார்கள், வீட்டுக்கு வீடு திருகிக்கொண்டே இருந்தார்கள். 1967இல் ஜெர்மன்காரர் வரிக்கு வரி நிறத்தைப் புரட்டி அனுப்பி, ஒரு வரியின் பிழையை அடுத்த வரியின் பிழையால் அழித்தார்கள். பிரெஞ்சுக்காரர் அதே வருடம் தங்களுக்கென்று தனியாக ஒன்று செய்தார்கள். பிரெஞ்சு பேசும் கியூபெக்கில் இருக்கும் எங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை என்றேன், மண்டபம் சிரித்தது. கனடா அமெரிக்க வழியில் போனது. இலங்கை ஜெர்மன் வழியை எடுத்தது.

இந்த இடத்தில்தான் என் நாக்கு என்னைக் காட்டிக்கொடுத்தது. கொழும்பில் பதிந்த கலியாண வீடியோக் கசெற்றுகள் இங்கே கறுப்பு வெள்ளையாக ஓடியது இதனால்தான், கனடாப் பெட்டிக்கு ஜெர்மன் கடிதத்தை வாசிக்கத் தெரியாது, எங்கட சனமோ விமான நிலைய எக்ஸ்றே நிறத்தைத் தின்றுவிட்டது என்று நம்பிப் பத்து வருடமாகக் கசெற்றுகளை அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டு பறந்தது என்றேன். நானூறு பேர் சிரித்தார்கள். நாற்பது, என்றார் சண்முகவேல்.

சிரிக்காதவள் ஒருத்தி. இரண்டாம் வரிசையில் பாலாம்பிகை எழுந்து நின்றாள்.

"அண்ணை, அப்ப என்ர கலியாணக் கசெற்றில நிறம் இன்னும் கிடக்கோ?"

"உள்ளுக்குள்ள நாடா பழுதாகாட்டில் கிடக்கும், தங்கச்சி."

"எக்ஸ்றே எண்டு என்ர வீட்டில வந்து நிண்டு சொன்னது ஆர்?"

அந்த நாளில் விஞ்ஞானம் அவ்வளவு தூரம் வளரவில்லை என்று ஏதோ சமாளித்தேன். ஜெர்மன் முறை வந்து இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு சொன்ன புளுகு அது என்பதைச் சண்முகவேல் கணக்குப் பார்த்துச் சொல்வதற்குள் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை அவளுடைய கணவர் விமலநாதன் தொலைபேசியில் கூப்பிட்டார். மனைவி சாப்பிடவில்லையாம். அலுமாரியின் அடியிலிருந்து கசெற்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம். அப்போதுதான் அந்தச் சகோதரிகள் பிரிந்த காரணத்தை முதல் தடவையாக அவர் வாயால் கேட்டேன். எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு காணிப் பிரச்சினை இருக்கும், இதுவும் அப்படித்தான் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

"தாட்சாயினி முதலாந் திகதி பிரம்டனுக்கு மகனோட போறாள், செபஸ்தி அண்ணை. லொறியும் பிடிச்சாச்சு," என்றார் விமலநாதன். "போனாளெண்டால் பேந்து ரெண்டு பேரையும் செத்த வீட்டிலதான் ஒண்டாய்க் காணலாம்."

பிரம்டன் காரில் ஆறு மணித்தியாலத் தூரம். ஜூலை முதலாந் திகதி மொன்றியலே வீடு மாறுகிற நாள். எனக்கு இருந்தது பதினாறு நாள்.

1994இல் நடந்தது இதுதான். அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு விமலநாதன் கொழும்பில் பாலாம்பிகையைத் திருமணம் செய்துகொண்டு திரும்பும் வழியில் சிங்கப்பூரில் வீடியோக் கசெற் ஓட்டும் டெக் ஒன்று வாங்கி வந்தார். எல்லா நாட்டுக் கசெற்றும் அதில் ஓடும். அதற்கு மின்சாரம் மாற்றிக் கொடுக்கும் பெட்டி ஒரு ஆட்டுக்குட்டி கனம். பாலாம்பிகை ஸ்பொன்சரில் வந்து சேர்ந்தாள். கலியாணக் கசெற் மட்டும் வரவில்லை. கமெராக்காரர் படத்தின் மூலைகளில் பூவும் இதயமும் பறக்கவிட்டு முடிக்க ஒன்றரை வருடம் எடுத்தார். அந்த நேரம் தாட்சாயினி களவாய் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரரை நம்பிப் புறப்படவிருந்தாள். கசெற்றை அவளிடம் கொடுத்தார்கள். ஒன்பது மாதம், ஏழு விமான நிலையம். வழியில் பயணப் பெட்டி போனது, அவளுடைய அல்பங்கள் போயின, சான்றிதழ்கள் போயின. மொன்றியலின் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது கையில் மிஞ்சியது அந்தக் கசெற் மட்டும்.

அடுத்த சனிக்கிழமை விமலநாதனின் சென்ட் லோரன்ட் மாடி வீட்டில் சனம் நிரம்பியது. கசெற்றைப் போட்டால் படம் மேலிருந்து கீழே உருளுகிறது. மேல் மாடியில் இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். பெட்டியின் பின்புறத் திருகியைத் திருப்பினேன், படம் நின்றது. ஆனால் கறுப்பு வெள்ளை. உள்ளூரில் வாடகைக்கு எடுத்த படக் கசெற்றைப் போட்டுப் பார்த்தேன், அது நிறமாக ஓடியது. ஆகவே டெக்கில் பழுதில்லை, ரீவியில் பழுதில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லும் திருத்துநருக்கு அடுத்த வீட்டில் யாரும் தேநீர் கொடுக்கமாட்டார்கள். எத்தனை விமான நிலையம் தாண்டி வந்தது என்று தாட்சாயினியைக் கேட்டேன். ஏழு என்றாள். அங்கே பிடித்துக்கொண்டேன். எக்ஸ்றே என்றேன். முதலாவதில் சிவப்புப் போகும், இரண்டாவதில் பச்சை போகும், மூன்றாவதில் நீலம் போகும், மிச்சம் நாலும் வெறும் அநியாயம் என்றேன். இரண்டு மீன் ரோலும் ஒரு தேநீரும் தந்தார்கள். சாப்பிட்டுவிட்டு மேலே போய்விட்டேன்.

நான் போன பிறகு பாலாம்பிகை அத்தனை சனத்துக்கு நடுவில் தங்கையிடம் ஒரு வசனம் சொன்னாளாம். "ஒரு கசெற்றைப் பக்குவமாய்க் கொண்டுவரத் தெரியேல்லை உனக்கு." தாட்சாயினி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனவள்தான்.

எனக்கு உண்மை தெரிய ஆறு மாதம் ஆனது. என் கடை முதலாளி கியூபெக்காரர், 1966இல் கனடாவுக்கு நிற ஒளிபரப்பு வந்தபோதே நிறப் பெட்டி விற்ற மனிதர். எக்ஸ்றேக் கதையை அவருக்குச் சொன்னேன். கதிரையிலிருந்து விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே சிரித்தார். பிறகு ஒரு கடதாசியில் மூன்று முறைகளையும் கீறிக் காட்டினார். அன்றைக்கே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் சனம் அலுமினியத் தாளுக்குப் போய்விட்டது. கொழும்புக்குப் போகிறவர்கள் தாளைக் கொண்டுபோய், வரும்போது கசெற்றைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். எப்படிச் சுற்றுவது என்று என்னிடம் கேட்க வந்தார்கள். சுற்றியும் நிறம் வரவில்லை என்று முறையிட்டவர்களுக்குப் பளபளப்பான பக்கம் உள்ளே இருந்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு ஆலோசனைக்கு எனக்குக் கிடைத்த மீன் ரோல்களை அடுக்கினால் மொன்றியல் ஒலிம்பிக் கோபுரத்தை எட்டும்.

இனி வேலை. வெளிநாட்டுக் கசெற்றை இந்த நாட்டு முறைக்கு மாற்றிக் கொடுக்கும் கடைக்குப் போனேன். ஐந்து வாரம் என்றார்கள். சண்முகவேலிடம் போனேன். அவருடைய நிலவறையில், சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய பெரிய ரீவிப் பெட்டி ஒன்று இருந்தது. அமெரிக்கன், ஜெர்மன், பிரெஞ்சு, எல்லாக் கடிதமும் வாசிக்கும். அதைத் தூக்கி வீச அவருடைய மனைவி பதினைந்து வருடமாகப் போராடிவருகிறார்.

"பொய் சொன்னது நீங்க. பெட்டி தூக்குறது நானா, சார்?" என்றார். ஆனால் சம்மதித்துவிட்டார். என் பிழை ஒன்றைத் திருத்தும் வாய்ப்பை அவர் எப்போதும் விட்டதில்லை.

விமலநாதனின் பழைய டெக் தூசிக்குள் கிடந்தது. உள்ளே ரப்பர் பட்டிகள் பாகு போல உருகியிருந்தன. மூன்று நாள் இருந்து எழுப்பினேன். பாலாம்பிகையிடம் கசெற்றைக் கேட்டேன், ஒருமுறை போட்டுப் பார்க்கலாம் என்று. அவள் தரவில்லை.

"நான் தனியப் பாக்கமாட்டன். கொண்டுவந்தவள் அவள். அவள் இருக்கவேணும்," என்றாள். "நீங்கள் போய் அவளுக்குச் சொல்லுங்கோ. நான் சொன்னால் நம்பமாட்டாள்."

ஜூன் இருபத்தாறாந் திகதி ரொக்ஸ்பரோவுக்குப் போனேன். தாட்சாயினி சமையலறைத் தரையில் இருந்து பீங்கான்களைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மட்டைப் பெட்டிகள். நின்றபடியே சொன்னேன். அமெரிக்கர், ஜெர்மன்காரர், கடிதம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் சுற்றுவதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்கள் இதை எப்ப அறிஞ்சனீங்கள்?"

"ஆறு மாதத்தில."

வாழ்க்கையில் ஒரு எண்ணைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது அன்றைக்குத்தான். அவள் இன்னும் நாலு பீங்கான் சுற்றினாள்.

"நான் அதை ஒரு ஏயார்போட்டிலயும் மெசினுக்குள்ள போடேல்லை, அண்ணை. சட்டைக்குள்ள வைச்சிருந்தனான். ஏழு இடத்திலயும்."

ஒரு கசெற்றில் இருக்கிற ஐந்து சின்னத் திருகாணிகளுக்கு அந்தக் காலத்து விமான நிலையச் சோதனை வாசல்கள் சத்தம் போட்டிராது என்று என் மூளை கணக்குப் பார்த்தது. வாய் வேறு எதையோ கேட்டது. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எத்தினை ஏயார்போட் எண்டுதான் நீங்கள் கேட்டனீங்கள். மெசினில போட்டியோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அக்காவும் கேக்கேல்லை."

அக்காவைப் போய்ப் பார்க்கச் சொன்னேன், கெஞ்சவும் செய்தேன். முடியாது என்றாள். கசெற்றோடு அக்கா வரட்டும், தான் ஒருமுறை கொண்டுபோய்க் கொடுத்தது போதும் என்றாள்.

சனிக்கிழமை பெட்டியைக் காரில் ஏற்றினோம். இருநூறு கிலோ. அறுபது, என்றார் சண்முகவேல், மூச்சு வாங்கியபடி. பாலாம்பிகை பின் இருக்கையில் கசெற்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். தாட்சாயினி சொன்னதைக் காரில் வைத்து அவளிடம் சொன்னேன். ரொக்ஸ்பரோ வரும் வரைக்கும் அவள் கசெற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

கதவு திறந்திருந்தது. சகோதரிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாங்கோ என்ற சொல் விமலநாதனுக்கு மட்டும் கிடைத்தது. கதிரைகள் எல்லாம் கட்டியாகிவிட்டதால் ஆளுக்கொரு மட்டைப் பெட்டியில் இருந்தார்கள். நான் வயர்களைப் பூட்டினேன். கசெற் உள்ளே போனது. பனி மழை போலக் கொஞ்ச நேரம். பிறகு பூக்கள் பறந்தன, இதயங்கள் பறந்தன, மணவறை வந்தது. எல்லாம் கறுப்பு வெள்ளை.

எழுபத்திரண்டு வருடத்தில் என் இதயம் நின்ற நேரம் அது, குறைந்தது ஐந்து நிமிடம். நாடாவிலிருந்தே நிறம் போய்விட்டதோ என்று நினைத்தேன். தாட்சாயினி எழுந்து நின்றுவிட்டாள். பாலாம்பிகை திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள்.

சண்முகவேல் கையில் ரிமோட். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பெட்டி இன்னும் அமெரிக்க முறையில் நிற்கிறது என்றார். ஒரு பொத்தானை அமர்த்தினார்.

நிறம் வந்தது. நல்ல நிறம் என்று சொல்லமாட்டேன். கமெராக்காரரின் இதயங்கள் பச்சை. ஐயர் செம்மஞ்சள். ஓரங்களில் கோடு கோடாக ஓடியது. ஆனால் நடுவில் கூறைச் சேலை, அந்தச் சிவப்பைப் பார்த்தால் ரொக்ஸ்பரோ ஸ்டேசனில் ரயில் நின்றிருக்கும். மணப்பெண்ணுக்குப் பின்னால் ஒரு மெலிந்த பெண் குனிந்து அவளுடைய பூமாலையை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

பாலாம்பிகை திரைக்குக் கிட்டப் போய் அந்தப் பெண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"உன்ர சாறி நீலம் எண்டெல்லோ நான் நினைச்சனான்," என்றாள்.

"மயில்கழுத்து, அக்கா."

"சட்டைக்குள்ளேயே வைச்சிருந்தனி?"

"ஓம்."

"ஒம்பது மாதமும்?"

"படுக்கேக்க தலைக்குக் கீழ."

பாலாம்பிகை பக்கத்தில் கிடந்த பத்திரிகைத் தாளில் ஒன்றை எடுத்தாள். சுற்றாமல் இருந்த பீங்கான் ஒன்றை எடுத்து மடியில் வைத்துச் சுற்றத் தொடங்கினாள். தான் அன்றைக்குச் சொன்னது பிழை என்று பீங்கானைப் பார்த்தபடி சொன்னாள். தாட்சாயினி, அந்தப் பீங்கானுக்கு இரண்டு தாள் வேண்டும் என்றாள். இரண்டாவது தாளைத் தானே எடுத்துக் கொடுத்தாள்.

கசெற் மூன்று மணித்தியாலம். முடிவதற்குள் சமையலறை முழுவதும் கட்டியாகிவிட்டது. கட்டி முடித்த பிறகு இரண்டு பேருக்கும் கை சும்மா இருந்தது. அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்கள். முப்பத்தொரு வருடம் ஒருவருக்கொருவர் சேர்த்து வைத்திருந்தது முழுவதையும் என் தலையில் கொட்டினார்கள். அக்கா தொடங்கிய வசனத்தைத் தங்கை முடித்தாள், தங்கை மறந்த சொல்லை அக்கா எடுத்துக் கொடுத்தாள். ஆறு மாதத்தில் தெரிந்தும் வாய் திறக்காதவன் என்பதை மட்டும் பதினெட்டுத் தடவை சொன்னார்கள். இந்த எண்ணைச் சண்முகவேல் திருத்தவில்லை, அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். அமெரிக்கர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். விமலநாதன் தலையாட்டி வேண்டாம் என்றார்.

ஜூலை முதலாந் திகதி லொறி பிரம்டனுக்குப் புறப்பட்டது. பின்னால் மகனின் காரில் தாட்சாயினியோடு பாலாம்பிகையும் ஏறிவிட்டாள், புது வீட்டில் சாமான் அடுக்கிக் கொடுக்க ஒரு கிழமை, ஏழே நாள் என்று சொல்லி. இப்போது ஆறாவது கிழமை. இரண்டு பேரும் சேர்ந்து திரைச்சீலை வாங்குகிறார்களாம், இன்னும் நிறம் ஒத்துவரவில்லையாம்.

விமலநாதனுக்குச் சமைக்கத் தெரியாது. தன் மனைவி போனதற்குக் காரணம் நான்தான் என்று சொல்லி மத்தியானம் பன்னிரண்டரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். ஜென்சி அதை நியாயம் என்கிறாள். நேற்று அவர் சாப்பிட்டுக் கை கழுவும்போது, நண்டு சாப்பிட்டுக் கனகாலம் என்று பொதுவாகச் சொன்னார். ஜென்சி கடைப் பையை எடுத்து என் கையில் தந்தாள். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.